வண்டிக் கொட்டகையும் வெந்நீர் அடுப்பும்



மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால், நம் வீடுகளில் எல்லோருக்கும் முன்னதாகக் கண் விழிப்பது வெந்நீர் அடுப்புதான். ஃபஜ்ருத் தொழுகைக்கு எழும் பெரியவர்களுக்கு உளூச் செய்ய வெதுவெதுப்பான நீர் வேண்டும். பிள்ளை பெற்ற வீடாக இருந்தால் தாய்க்கும் சேய்க்கும் வேண்டும். எனவே செம்புப் பாய்லரில் நீர் நிரப்பி, தேங்காய் மட்டையும் முந்திரிச் சுள்ளியும் போட்டுப் பற்ற வைக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால், அந்த அடுப்பு இன்று உங்கள் வீட்டின் எந்த மூலையில் எரிகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

முன்பெல்லாம் வீட்டின் பின்கட்டில் திறந்த முற்றம் இருந்தது; கிணற்றடி இருந்தது. அடுப்பும் அங்கேதான் இருந்தது. இன்று இரண்டரை சென்ட் மனையில் வீடு எழும்புகிறது. பின்கட்டு மறைந்துவிட்டது. வீட்டின் முன்புறம் கார் ஷெட் வந்துவிட்டது. மகன் வெளிநாட்டிலிருந்து கார் வாங்கப் பணம் அனுப்பும்வரை அங்கே நிற்பவை இரண்டு மோட்டார் சைக்கிள்கள். அவற்றோடு வெந்நீர் பாய்லர், உபரி எரிவாயு உருளை, ஜெனரேட்டர், விறகு, பழைய துணி மூட்டை, பெயின்ட் டப்பா என்று வீட்டுக்குள் இடமில்லாத அனைத்தும் அங்கே குடியேறிவிடுகின்றன. போதாக்குறைக்கு, நம் காலடியில் தண்ணீர்த் தொட்டியும் மலக்கழிவுத் தொட்டியும் புதைந்து கிடக்கின்றன.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் அமைந்த எங்கள் குள்ளஞ்சாவடியிலும், அடுத்துள்ள குறிஞ்சிப்பாடி, வடலூர்ப் பகுதிகளிலும் இதுதான் நிலை. சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ பணிக்குச் செல்லும் சகோதரர் அங்கே தலைக்கவசம் இன்றி ஓரடி எடுத்து வைக்க முடியாது. அதே சகோதரரின் வீட்டு வாசலில் பெட்ரோல் வண்டிக்கு நான்கடி தொலைவில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். கேட்பார் இல்லை.

மார்க்கம் தந்த எச்சரிக்கை

இது பொறியாளர்கள் கவலைப்பட வேண்டிய செய்தி, மார்க்கப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று எவரும் எண்ண வேண்டாம். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குக் கிடைத்தது. நெருப்பு மனிதர்களுக்குப் பகையானது என்றும், உறங்கச் செல்லுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அவர்கள் கட்டளையிட்டார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

அபூதாவூத் நூலில் மற்றொரு நிகழ்ச்சி உள்ளது. எலியொன்று விளக்குத் திரியை இழுத்து வந்து நபி (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்த விரிப்பின் மீது போட்டுவிட்டது. ஒரு திர்ஹம் நாணயம் அளவுக்கு விரிப்பு கருகியது. அதைக் கண்ட நபியவர்கள், உறங்கும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு அறிவுறுத்தினார்கள். அன்று எலி திரியை இழுத்தது. இன்று அதே எலி வண்டியின் மின்கம்பியையும் எரிவாயுக் குழாயையும் கடிக்கிறது. பொருள்கள் மாறியுள்ளன, ஆபத்து மாறவில்லை.

தடுப்புச் சுவரில்லாத மாடியில் உறங்குவதைக்கூட நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆகவே வீட்டின் கட்டுமானக் குறையைக் கண்டறிந்து நீக்குவதும் நம் பொறுப்பில் அடங்கியதே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டு என்னும் நபிமொழியின் கருத்தை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். நம் காலத்து ஒட்டகம் வாசலில் நிற்கும் வண்டிதானே?

தரை வழியே நடந்து வரும் நெருப்பு

பெட்ரோல் திரவ நிலையில் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. எவ்வளவு குளிரானாலும் நம் ஊரில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. எனவே அது புகைபோல் மேலே எழாது. தண்ணீரைப் போலத் தரையோடு தரையாகப் பரவி, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கி நிற்கும். சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானதே. அதுவும் தாழ்ந்த இடத்தையே நாடும்.

இப்போது உங்கள் கொட்டகையை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். வண்டியின் பெட்ரோல் குழாயில் சிறு கசிவு. இரவு முழுவதும் ஷட்டர் மூடியிருக்கிறது. ஆவி தரையில் படர்ந்து கிடக்கிறது. விடியற்காலை நான்கரை மணிக்கு உம்மா எழுந்து வந்து பாய்லர் அடுப்பில் தீக்குச்சி கிழிக்கிறார். அடுப்பின் வாய் தரையோடு ஒட்டியிருக்கிறது. அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வீட்டோடு சேர்ந்த கார் கொட்டகையில் வெந்நீர்க் கலனோ சூடேற்றும் கருவியோ வைத்தால், அதன் தீப்பொறி எழும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய கட்டட விதி. கொட்டகைத் தரை வீட்டை நோக்கிச் சாயாமல் வெளிவாசலை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. நெருப்பையும் தரையையும் சேர்த்தே அவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டுக் கொத்தனாரிடம் தரைக்கு எந்தப் பக்கம் வாட்டம் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நமக்குப் பொருந்தும் விதி எளிமையானது. வண்டி நிற்கும் கூரையின் கீழ் அடுப்பு வேண்டாம். பாய்லருக்கு மாடியிலோ பக்கச் சந்திலோ திறந்த இடம் தேடுங்கள். வேறு வழியே இல்லையெனில், மின்சார ஹீட்டரைக் குளியலறைச் சுவரில் உயரமாகப் பொருத்துங்கள். உபரி எரிவாயு உருளையைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி, மூடியிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். கொட்டகையில் எரிவாயு நெடி அடித்தால் எந்த மின்விசையையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறி, தெருவில் நின்று 1906 என்னும் எண்ணை அழையுங்கள்.

புகையில்லை, எனவே ஆபத்தில்லையா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்தி 'லெக்கோ' என்ற பெயரில் கரிக்கட்டிகள் தயாரிக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. புகை குறைவு என்பதால் வீட்டு அடுப்புகளில் அவை விரும்பி எரிக்கப்பட்டன. அந்த ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், கரி புகையாமல் எரிந்தால் தீங்கில்லை என்னும் எண்ணம் மட்டும் நம்மிடையே தங்கிவிட்டது.

அந்த எண்ணம் தவறானது. கரி, விறகு, பெட்ரோல், எரிவாயு ஆகிய எதுவும் போதிய காற்றின்றி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு அது உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். உறங்குபவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. கருவுற்ற பெண்களுக்கும் வயிற்றில் வளரும் சிசுவுக்கும் இது மேலும் கொடியது. குளிர்காலங்களில் மலையூர்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் உயிரிழந்த செய்திகளை நாளேடுகளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தைச் சின்னாபின்னமாக்கியதை எவரும் மறந்திருக்க மாட்டோம். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் வர நாள்கணக்கில் காத்திருந்தோம். அத்தகைய நாள்களில் துணைக்கு வருவது ஜெனரேட்டர். மழைக்குப் பயந்து அதைக் கொட்டகைக்குள் ஓட்டுகிறோம். திருட்டுக்குப் பயந்து ஷட்டரையும் இறக்கிவிடுகிறோம். அதன் நச்சுவாயு கதவிடுக்கு வழியாகப் படுக்கையறைக்குச் செல்லும் என்பதை எண்ணுவதில்லை. ஜெனரேட்டர் கூரைக்கு வெளியே, சன்னல்களுக்கு எட்டத்தில் ஓட வேண்டும். காலையில் மோட்டார் சைக்கிளைச் சூடேற்றுவதற்காக உள்ளேயே உறும விடுவதும் கூடாது. வெளியே தள்ளிச் சென்று கிளப்புங்கள்.

சார்ஜ் ஏறும் வண்டி

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றியது. எழுந்த புகையில் தந்தையும் அவருடைய பள்ளி வயது மகளும் மூச்சுத் திணறி இறந்தனர். அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளில் மின்சார வண்டிகள் எரிந்த நிகழ்ச்சிகளுக்குப் பின் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. புதிய வண்டிகள் முன்பைவிட நல்லவை என்பது உண்மை. எனினும் விதி வண்டிக்குத்தான். நம் வீட்டு பிளக்குக்கு அன்று.

மின்சார வண்டிக்கு மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பி, தனி பிளக், முறையான எர்த் வேண்டும். ஜங்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். மின்கசிவு ஏற்பட்டதும் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். ஓடி வந்த சூடு ஆறிய பின்னரே சார்ஜ் போடுங்கள். எல்லோரும் உறங்கும் நேரத்தில் போடாதீர்கள்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது ஒன்று. வீட்டை விட்டு வெளியேற ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றால், அந்த வழியை மறித்து எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள். கிரில் கேட்டின் சாவியும் உள்ளிருந்தே கைக்கு எட்ட வேண்டும். கள்ளனுக்குப் பூட்டிய கதவு நம் பிள்ளைகளுக்குச் சிறையாகிவிடக் கூடாது.

மூட்டைகளைக் கவனியுங்கள்

எரிபொருளாகப் பயன்படுத்துவதற்கென முந்திரிக்கொட்டை ஓட்டை மூட்டை மூட்டையாக வாங்கி வைப்பது நம் பகுதியின் வழக்கம். அந்த ஓட்டில் எண்ணெய் உள்ளது. பிடித்தால் எளிதில் அணையாது. அதன் புகையும் கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். பழுப்பு நிலக்கரியோ மற்றொரு வகை. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். உலர உலர நொறுங்கிக் காற்றோடு கலந்து தானே சூடேறும் இயல்புடையது. குவித்து வைத்தால் தீக்குச்சி இன்றியே கனன்று எழக்கூடும். இவ்விரண்டும் வண்டியருகே இருக்கக் கூடாதவை. எண்ணெய்த் துணிகளையும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள்.

இனி, தரையைப் பாருங்கள்

கொட்டகைத் தரையைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். வண்டிகளை வெளியே எடுத்துவிட்டுத் தரையில் ஊற்றுங்கள். நீர் தெருப்பக்கம் ஓடினால் அல்ஹம்துலில்லாஹ். வீட்டு வாசற்படியை நோக்கி வந்தால், மழைநீர் மட்டுமன்றிப் பெட்ரோல் ஆவியும் எரிவாயுவும் அதே வழியில்தான் வரும் என்று அறிந்துகொள்ளுங்கள். நடுவில் தேங்கினால் அங்கே தரை அமிழ்ந்துள்ளது என்று பொருள். எட்டடிக்கு ஓர் அங்குலமாவது வெளிப்புறம் வாட்டம் இருப்பது நல்லது. வீட்டின் உள்தரை கொட்டகையைவிட ஒரு படி உயர்ந்திருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் பெருமழையில் வீட்டுக்குள் நீர் புகுந்தவர்களுக்கு இந்த ஒரு படியின் அருமை தெரியும்.

அடுத்து, சிறு மரக்கட்டையால் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால், அடியில் மண் இறங்கியிருக்கிறது அல்லது டைல்ஸ் விட்டுப் போயிருக்கிறது. அஸ்திவாரக் குழிகளை நிரப்பும்போது மண்ணைத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்காததே இதற்குப் பெரும்பாலும் காரணம். மேலே புதிய டைல்ஸ் ஒட்டுவதால் பயனில்லை. பெயர்த்து, மண்ணை இறுக்கி, நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டு, பத்து நாள் குறையாமல் நீர் தெளித்து ஆற்ற வேண்டும்.

மயிரிழை போன்ற வெடிப்புகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவு வெடிப்பாயின் அதன் குறுக்கே சிமென்ட் பட்டை ஒன்று பூசி, அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டையும் வெடித்திருந்தால் தரை இன்னும் நகர்கிறது. உடனே பொறியாளரை அழையுங்கள்.

பெரிதும் கவனிக்க வேண்டியது மலக்கழிவுத் தொட்டியின் மூடி. மனிதர் நடப்பதற்கென்று போட்ட பலகைமேல் காரை ஏற்றுகிறோம். காரோ மனிதரைவிடப் பல மடங்கு எடையுள்ளது. தொட்டியின் ஆவி பலகையின் அடிப்பக்கக் கம்பியை ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஒரு நாள் சக்கரத்தோடு உள்ளே இறங்கும். அங்கே விளையாடும் குழந்தையின் நிலை என்ன? கம்பி வெளியே தெரிந்தாலோ பலகை வளைந்திருந்தாலோ வண்டியை அதன்மேல் நிறுத்துவதை இன்றே விட்டுவிடுங்கள். மூடியைத் திறந்தால் எவரும் உள்ளே தலையை நீட்டவோ இறங்கவோ வேண்டாம். அங்குள்ள நச்சுவாயு நொடியில் உயிர் குடிக்கும்.

குடிநீர்த் தொட்டியின் வாய் தரையோடு தரையாக இருந்தால், வண்டி கழுவிய எண்ணெய் நீர் அதில் இறங்கும். குடிப்பதும் உளூச் செய்வதும் அந்த நீரில்தான். வாயைச் சுற்றி ஆறு அங்குலக் கரை கட்டி, இறுகப் பொருந்தும் மூடியிடுங்கள்.

வழுக்கும் டைல்ஸ் இன்னொரு பகை. எண்ணெய்த் துளியும் பனியீரமும் சேர்ந்த தரையில், இருளில் ஃபஜ்ருக்குப் புறப்படும் நம் பெரியவர்கள் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், பள்ளிவாசலுக்கு நடந்து போகும் பாக்கியமே அவர்களுக்குப் போய்விடும். சொரசொரப்பான தரையும் சுவரில் ஒரு கைப்பிடியும் எத்தனை ரூபாய் ஆகிவிடப் போகிறது? எண்ணெய் சிந்தினால் மணல் தூவி அள்ளிவிடுங்கள். வண்டி ஏறும் சாய்தளத்தையும் தெருவுக்குள் நீட்டாதீர்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்றிருக்க, தொல்லையை நாமே கட்டி வைக்கலாமா?

ஒரு நாழிகை வேலை

சகோதரிகளே! இச்சோதனையை யார் செய்வது என்று கேட்கிறீர்களா? அத்தா வேலைக்குச் சென்றிருக்கலாம். மகன் துபாயில் இருக்கலாம். இரவில் அந்த வீட்டில் உறங்குவது நீங்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான். எனவே இது உங்கள் உரிமை, உங்கள் பொறுப்பு. ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிடம் போதும்.

கொட்டகையில் நெருப்பு எதுவும் எரிகிறதா? பெட்ரோல் நெடி வீசுகிறதா? எலி கடித்த கம்பி உண்டா? வெளியேறும் வழி திறந்திருக்கிறதா? நீர் எங்கே ஓடுகிறது? தொட்டி மூடிகள் உறுதியா? இந்த ஆறு கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதுங்கள். குறைகளை வெளிநாட்டிலுள்ள மகனுக்கும் சொல்லுங்கள். அடுத்த மாதம் அனுப்பும் பணத்தில் வாசலுக்குக் கிரானைட் பதிப்பதைவிட இவற்றைச் சீர்செய்வதே முந்தியது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒரு வாளி மணலும், பொடி வகைத் தீயணைப்பான் ஒன்றும் வாசலருகே இருக்கட்டும். எரியும் பெட்ரோல்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது தீயைப் பரப்பும். தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108 ஆகிய எண்களைப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும். எங்கள் மதரஸாவில் உறங்குமுன் ஓதும் துஆக்களைக் கற்பிக்கும்போது, கதவை அடைப்பதும் பாத்திரத்தை மூடுவதும் நெருப்பை அணைப்பதும் அதே பாடத்தின் பகுதி என்றே கற்பிக்கிறோம். பிள்ளை கேள்வி கேட்டால் பெரியவர்கள் எழுந்து சென்று பார்த்து வர வேண்டும்.

தம் கரங்களாலேயே அழிவைத் தேடிக்கொள்ள வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தில் இறைவன் நமக்குக் கட்டளையிடுகிறான். இன்றிரவு இஷாவுக்குப் பின், ஒரு டார்ச் விளக்கோடு உங்கள் கொட்டகைக்குச் சென்று பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் அவற்றில் உறங்கும் நம் மக்களையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.